ஒன்பது இன்ச் ஸ்டூல்

"என்னங்க தேடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி உள்ளே வந்தாள்.

மேனேஜர் எதையும் தேடவில்லை. சமையல் மேடை முன்னால் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர முடியாமல் அப்படியே நின்றுபோயிருந்தார். இடுப்புக்கு மேலே உடம்பு தரைக்கு இணையாக இருந்தது. கையில் கத்தி இருந்தது. அடுப்பில் என்னவோ கருகிக்கொண்டிருந்தது.

"முதல்ல அடுப்பை அணை," என்றார், தரையைப் பார்த்தபடியே.

"எந்தக் குமிழ்?"

"இடது பக்கம்."

"எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதான்!"

இருபது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவளுக்கு அடுப்பின் குமிழ் தெரியாததில் வியக்க ஒன்றுமில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். வீடு திரும்ப ஏழரை, எட்டு ஆகும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் சமைத்தாள். அந்த நாளைப் பற்றி அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அன்று முதல் அடுப்படி மேனேஜருடையது. அவருக்கு அது பிடித்தும் இருந்தது, கைப்பக்குவமும் இருந்தது. ஒரே தொல்லை, அவர் உயரம் ஆறடி இரண்டு இன்ச். மேடையின் உயரம் முப்பத்திரண்டு இன்ச்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முதுகை மாத்த முடியாது சார். மேடையை மாத்துங்க," என்றார்.

மேடையை மாற்றுவது என்றால் அடியில் இருக்கும் அலமாரிகளை மாற்ற வேண்டும். அலமாரியைப் பிடுங்கினால் ஓடுகள் உடையும். ஆக, அடுப்படியையே புதிதாகச் செய்துவிடுவது என்று வீட்டில் முடிவானது. அதற்கு ஆள் தேடியபோது, ஆபீஸ் கேஷியர் ஒரு டிசைனர் பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். "எங்க வீட்டுக்கும் அவங்கதான் செஞ்சாங்க சார். அளவு ஒரு நூல் பிசகாது."

நம்பரை வாங்கிக்கொண்ட பிறகுதான் மேனேஜருக்கு ஆபத்து உறைத்தது.

அவர் வேலை பார்த்தது வண்டி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில். முப்பது பேர், அத்தனை பேரும் ஆண்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பில் போடும் கிளார்க் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முட்டை பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று உண்மையைச் சொல்லிவிட்டார், பாவம். அன்றிலிருந்து கிடங்கில் அவருக்கு 'அண்ணி' என்று பெயர். போனில்கூட, "அண்ணி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் மேனேஜர்.

"டிசைனருக்குத் தெரிஞ்சா கேஷியருக்குத் தெரியும். கேஷியருக்குத் தெரிஞ்சா லாரி டிரைவர் வரைக்கும் தெரியும்," என்றார் மனைவியிடம். "அவங்க முன்னாடி நீதான் சமைக்கிற. புரியுதா?"

"நானா?" என்றாள் அவள். "யாராவது நம்புவாங்களா?"

டிசைனர் பெண் மறுநாளே வந்தாள். கூடவே கார்பெண்டர். மீசை நரைத்த, வாய் திறக்காத மனிதர். அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை போலத் தெரிந்தது.

"வீட்ல யார் சமைக்கிறது?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இவதான்," என்று மேனேஜர் மனைவியைக் காட்டினார், சந்தையில் மாட்டைக் காட்டுவதைப் போல.

"மேடம், இப்படி நில்லுங்க. கையை மடக்குங்க. சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு இன்ச் கீழே மேடை இருக்கணும். அதுதான் கணக்கு." நாடா நீண்டது, சுருங்கியது. "முப்பத்தஞ்சு. அப்போ மேடை முப்பத்தொண்ணு. இப்ப இருக்கிறதே ஒரு இன்ச் அதிகம் மேடம். இறக்கிடலாம்."

மேனேஜரின் முதுகில் ஏதோ சுரீர் என்றது.

"இறக்க வேண்டாம். ஏத்தணும்," என்றார் அவசரமாக.

"மேடம் நாலடி பத்து சார். ஏத்தினா எப்படி எட்டும்?"

"அவ... ஸ்டூல் மேல நின்னுதான் சமைப்பா."

டிசைனர் மனைவியைப் பார்த்தாள். மனைவி மேனேஜரைப் பார்த்தாள். கார்பெண்டர் நாடாவைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் மனைவி, கடைசியில். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். கொஞ்சம் உயரத்துல நின்னாதான் எனக்குச் சமையல் வரும்."

"எவ்வளவு உயர ஸ்டூல்?"

மேனேஜர் தன் முழங்கையை மனதுக்குள் அளந்து, நாலைக் கழித்து, அதிலிருந்து முப்பத்தொன்றைக் கழித்தார். "ஒன்பது இன்ச்."

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் படிக்கும் மகள் தட்டோடு வந்து நின்றாள். "அப்பா, இன்னைக்கு உப்பு கம்மியா இருக்கு."

"அதை அம்மாகிட்ட சொல்லு."

"அம்மாகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"போய்ப் படி!" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்தப் பெண் அன்றுதான் பரீட்சை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வரைபடம் வந்தது. மேடை நாற்பது இன்ச். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. வரைபடத்தின் அடிப்பகுதியைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. மேடையை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒன்பது இன்ச் உயரத்தில் சிமென்ட் படி ஒன்று ஓடியது.

"ஸ்டூல் ஆபத்து சார். அடுப்புப் பக்கத்துல வழுக்கினா என்ன ஆகுறது? அதான் நிரந்தரமா ஒரு படி," என்றாள் டிசைனர். "மேடம் இனிமே ஆயுசுக்கும் நிம்மதியா நிக்கலாம்."

அந்தப் படி மேல் மேனேஜர் நின்றால் மேடை பழையதைவிட ஒரு இன்ச் குறைந்து முப்பத்தொன்று. போதாததற்கு, மேல் அலமாரி சரியாக நெற்றியில் இடிக்கும்.

"படி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "முதல்ல கல்லைப் பாப்போம்."

கல் கடைக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் திட்டம் சொல்லப்பட்டது. டிசைனர் ஒவ்வொரு கல்லாகக் காட்டுவாள். மேனேஜர் ஒரு தடவை இருமினால் வேண்டாம். இரண்டு தடவை இருமினால் அதுதான்.

"கறுப்பு கிரானைட்தான் வேணும். கறை பிடிக்காது, சூடு தாங்கும். புரியுதா?"

"ஒண்ணு வேண்டாம், ரெண்டு வேணும். சிக்னல் மாதிரிதானே? நான் பாத்துக்கறேன்."

கடையின் பின்கட்டில் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூசி மாவு போலப் பறந்தது. வெள்ளைக் கல்லிடம் மேனேஜர் ஒரு தடவை சரியாகத்தான் இருமினார். கறுப்பிடம் வந்ததும் இரண்டு இருமல் இருமி, தூசி தொண்டையில் ஏறி, மூன்றாவதும் நாலாவதும் ஐந்தாவதும் தானாக வந்தன. மனைவி குழம்பிப்போய் நின்றாள். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த கல்லின்மேல் கையூன்றியபோது மீதி இரண்டு இருமல் வந்தது.

"இதுதான்!" என்றாள் மனைவி.

அது ரோஜா நிறம். நடுநடுவே பச்சைப் புள்ளிகள்.

"மேடம், இதுலயா காய் நறுக்கப் போறீங்க?" என்றாள் டிசைனர்.

"இல்ல. கத்தியில."

டிசைனர் நோட்டைத் திறந்தாள். பிறகு மெதுவாக, "ஒரே நேரத்துல எத்தனை பாத்திரம் அடுப்புல வைப்பீங்க?" என்றாள்.

"வீட்ல மூணு பேர். ஆளுக்கு ஒண்ணு."

"எண்ணெய்ப் புகை நிறைய வருமா?"

"பெட்ரோல் வண்டிதான். வராது," என்று சொல்லிவிட்டு மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டிசைனர் நோட்டை மூடினாள். "சார், எனக்கு ஒண்ணுமே பிடிபடல. மேடம் சமைக்கிறதை ஒரு தடவை நேர்ல பாத்துடறேன். படி, அலமாரி, கல் எல்லாத்தையும் அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வர்றேன்."

சனிக்கிழமை மேனேஜர் கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்தார். வீட்டில் பல்பு மாட்ட வேண்டும் என்று சொன்னார். பேனாவுக்கு ரீஃபில் எடுத்தாலே கையெழுத்துக் கேட்கும் கேஷியர், அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பத்திரமா எடுத்துட்டுப் போங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஒத்திகை. ஆம்லெட் மட்டும் போதும் என்று தீர்மானித்தார்கள். மனைவி ஸ்டூல் மேல் ஏறி, வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, அதன் பிறகே அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறு முட்டை வீணாயிற்று. ஏழாவது முட்டையில், சாப்பிடலாம் என்று சொல்லத் தோன்றுகிற ஒன்று கிடைத்தது.

ஞாயிறு பத்து மணிக்கு எல்லாரும் அடுப்படியில் இருந்தார்கள். டிசைனர் கையில் நோட்டு. கார்பெண்டர் கதவோரம். மேனேஜர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அடுப்படிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பது தன் வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தார். சத்தமாகவே படித்தார்.

"'வெங்காய வரத்து தாமதம்,'" என்று வாசித்தார். "'இன்னும் போடவில்லை என மக்கள் புகார்.'"

மனைவி அவசரமாக வெங்காயத்தைப் போட்டாள்.

"'தீயைக் குறைக்க வேண்டும். தீயணைப்புத் துறை வேண்டுகோள்.'"

குமிழ் திரும்பியது, எதிர்ப்பக்கம். தீ ஆளுயரத்துக்கு எழுந்தது.

"'நிலைமை கைமீறுகிறது! உடனே திருப்ப வேண்டும்!'"

வாணலியிலிருந்து புகை கிளம்பியதைப் பார்த்ததும் மனைவி பயந்துபோனாள். பயந்தால் அவள் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். வலது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். மிதிபட்டது ஸ்டூலின் ஓரம். ஸ்டூல் சாய்ந்தது.

மேனேஜர் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இடது கையில் மனைவி இருந்தாள், வலது கையில் வாணலி. மனைவியைத் தரையில் நிறுத்தி, "அடி படலையே?" என்று கேட்டு, தீயைத் தணித்தார். கருகியதை ஒதுக்கினார். வாணலி கையில் இருந்ததால் கை தன் போக்கில் வேலை பார்க்கத் தொடங்கியது. இரண்டு வெங்காயம் கண் இமைப்பதற்குள் தூளாயின. நாலு முட்டை ஒற்றைக் கையால் உடைந்தன. ஆம்லெட் ஒன்று எழும்பி, காற்றில் திரும்பி, வாணலியிலேயே வந்து படுத்தது. தட்டு வந்தது. தட்டு கார்பெண்டரின் கைக்குப் போனது.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க. உப்பு பத்தலைன்னா சொல்லுங்க," என்றார் மேனேஜர். சொன்ன பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

"இது... லீவு நாள்ல மட்டும்..." என்று தொடங்கினார்.

"போதுங்க," என்றாள் மனைவி. "இதுக்கு மேல என்னால சமைக்க முடியாது."

மேனேஜர் கரண்டியைக் கீழே வைத்தார். முதுகு வலித்தது. பொய்யைச் சுமந்து அலைந்ததில் அதைவிட அதிகமாக வலித்தது.

"நான்தான் சமைக்கிறேன்," என்றார். "இருபது வருஷமா. மேடை எனக்குத்தான் வேணும். அந்தப் படி வேண்டாம். அந்த ரோஜா கல்லும் வேண்டாம்."

டிசைனர் பெண் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. "கையை மடக்குங்க சார்," என்று சொல்லி, நாடாவை நீட்டி அளந்தாள். "நாற்பத்திநாலு. மேடை நாற்பது. கறுப்பு கிரானைட். படி கிடையாது." எழுதிக்கொண்டாள்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க," என்றார் மேனேஜர். கிடங்கில் முப்பது பேரும் நாளைக் காலையில் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். "இது ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா கேஷியருக்கு. வெளியில தலைகாட்ட முடியாது."

கார்பெண்டர் கடைசித் துண்டையும் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் முதன்முறையாக வாய் திறந்து பேசினார்.

"கேஷியர் வீட்ல ஆரம்பிச்சு, உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு நாங்க செய்யற ஏழாவது அடுப்படி சார் இது. ஏழு வீட்லயும் அம்மாதான் ஸ்டூல் மேல நின்னு சமைக்கிறாங்க."