பேசாத பெட்டிக்கு ஒரு பிராது

புதன்கிழமை காலையில் ரேடியோப் பெட்டி பேச்சை நிறுத்திக்கொண்டது. வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

நூம்பல் கிராமத்துக்கே அது ஒன்றுதான் ரேடியோ. கோதண்ட நாயக்கர் வீட்டில் பேட்டரியில் ஓடியது. "ஜெர்மன்காரன் இன்னா பண்றான்னு நாம தெரிஞ்சிக்க வேணாமா?" என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் பூந்தமல்லிக்குப் போய் வாங்கிவந்தார். தம்முடைய அபிப்பிராயம் தெரியாமல்தான் உலக யுத்தம் இழுத்துக்கொண்டு போகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

உண்மைக் காரணம் வேறு. கூத்தாடிகளோடு சேர்ந்து பாடுகிறான் என்று தம்பி வரதனின் ஆர்மோனியத்தைக் கிணற்றில் போட்டு, அவனையும் வீட்டைவிட்டு விரட்டியவர் அவர். அப்போது வரதனுக்குக் குரல் உடைகிற வயது. ஒன்பது வருஷமாகத் தகவலே இல்லை. போன வாரம் அண்ணி தாட்சாயிணி பெயருக்கு ஒரு கார்டு வந்தது. ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மதராஸ் ரேடியோவில் பாடுகிறேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.’

அண்ணன் அதைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். மறுநாள் ரேடியோ வந்தது. புருஷனும் பெண்சாதியும் கார்டைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெர்மனியைப்பற்றி நிறையப் பேசினார்கள்.

பெட்டி ஊமையானதும் நாயக்கர் அதன் தலையில் ஓங்கித் தட்டினார். உள்ளே ஏதோ உருண்டது.

பக்கத்து வீட்டுத் தசரதன் ஓடிவந்தான். ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் அவனுக்குச் சமையல் வேலை.

"கேம்ப்புல நான் பாக்காத ரேடியோவா மாமே?" என்று பின்பலகையைக் கழற்றினான். குறுக்கே ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டு இரண்டாகக் கிழிந்தது.

உள்ளே, பெட்டி வந்த அன்று பூஜை போட்டுத் தூவிய மஞ்சள் அரிசி கிடந்தது. உடைத்த தேங்காயின் தண்ணீர் தெறித்துக் காய்ந்திருந்தது. அதைத் தேடி எறும்பு சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாடா பண்றது?"

"ஈரம் மாமே. வெயில்ல வெச்சா சரியாப்பூடும்."

சித்திரை வெயில். உச்சிப்பொழுதுக்குள் மேல்பலகை வாழை மட்டைபோல வளைந்துவிட்டது. பேட்டரி ஒழுகியது. எறும்பு மட்டும் சுகமாக இருந்தது.

வியாழக்கிழமை பெட்டியைப் பூந்தமல்லிக் கடைக்குத் தூக்கிப்போனார்கள். கடைக்காரர் திருவேங்கட முதலியார் கியாரண்டி கார்டை எடுத்து, கம்பெனிக்குப் பொறுப்பில்லாத வரிகளை மட்டும் கணீரென்று வாசித்தார்.

"சீட்டு கிழிஞ்சா கம்பெனி ஜவாப்தாரி இல்ல நாயக்கரே. வெயில், மழை, பூச்சி பொட்டு, எதுக்கும் இல்ல."

"தேங்காத் தண்ணி போட்டுக்கீதா?"

"வெள்ளைக்காரனுக்கு அது தோணல. தோணியிருந்தா போட்டிருப்பான்."

"யோவ் மொதலியாரே, அது நின்னப்புறம்தான்யா தொறந்தோம்!"

"தொறந்ததுக்குக் கிழிஞ்ச சீட்டு சாட்சி கீது. நின்னதுக்கு இன்னா சாட்சி?"

முதலியார் கொஞ்சம் இறங்கிவந்தார். "நீயும் பாதி போடு, நானும் பாதி போடறேன், ரிப்பேர் பண்ணிடலாம். ஆனா வால்வு சீமையிலேர்ந்து வரணும். கப்பல் வரணும்னா யுத்தம் முடியணும்."

"எப்ப முடியும்?"

"அத தெரிஞ்சிக்கத்தானே நீ ரேடியோ வாங்கினே?"

இந்த வார்த்தைதான் நாயக்கரைக் குத்தியது. வெள்ளிக்கிழமை முன்சீப் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மனு எழுதுகிற தங்கவேலைப் பிடித்து, இங்கிலீஷில் மூன்று பக்கம் பிராது எழுதி வாங்கிக்கொண்டார். தங்கவேலுக்குத் தெரிந்தது நிலத்தகராறு மனு ஒன்றுதான். முப்பது வருஷமாக அதையேதான் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்து வந்தான்.

சாயங்காலம் கடையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. முதலியார் மனுவை வாங்கி, எல்லோருக்கும் புரியும்படி தமிழில் சொன்னார். "‘எதிராளியானவர் அடியாட்களுடன் மேற்படி ரேடியோவுக்குள் அத்துமீறிப் புகுந்து, வரப்பை வெட்டி, வேர்க்கடலை பயிர் செய்துவிட்டார்.’ ஏன் நாயக்கரே, அறுவடை எப்ப?"

கூட்டம் சிரித்தது. பூக்காரி பூங்காவனம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பாதி போடறேன்னு சொன்னேனே, இப்ப அதுவும் இல்ல. நேரமாச்சு, கடை சாத்தணும். கெளம்பு."

நாயக்கர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை உருவினார். "இன்னா நேரமாச்சு? என் கடியாரத்துல இன்னும் ஆறு ஆவல. யுத்தம்னு சொல்லி சர்க்கார் முள்ள ஒரு மணி முன்னால தள்ளி வெச்சா, கோதண்டம் அதுக்குக் கட்டுப்படணுமா? நாலு நாள்ல நின்னுபோற பொட்டிய விக்கறவனுக்கு ஒரு நியாயம், வாங்கறவனுக்கு ஒரு நியாயமா! பதில் சொல்லிட்டு சாத்து!"

பதில் சொல்வதற்குப் பதிலாக முதலியார், ஜன்னலோரம் காட்சிக்கு வைத்திருந்த பேட்டரி ரேடியோவை உரக்கத் திருகிவிட்டார். யாரோ ஏதோ பேர் சொன்னார்கள். பிறகு ஒரு ஆண்குரல் எழுந்தது. கனத்த, அவசரமில்லாத குரல். மேலே போகும்போது கொஞ்சம் தழுதழுத்தது.

கூட்டம் நியாயத்தை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரன் வேம்புலிகூட ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

தன் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போவது நாயக்கருக்குப் பழக்கமில்லை.

"மனுசன் நியாயம் பேசறப்ப எவன்டா அவன் நடுவுல கத்திக்கினு?"

"இருக்கட்டும் நைனா, உருக்கமா கீது," என்றாள் பூங்காவனம்.

நாயக்கர் இரண்டே எட்டில் போய் ரேடியோவைத் திருகி மூடினார். பெருமிதத்தோடு கடைவாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வேற பொட்டி குடுக்கறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியாக்கிரகம்!"

முதலியாருக்கு முகம் வெளுத்தது. அந்தக் காலத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் போலீஸ்காரன் உட்கார்ந்தவனோடு வாசலுக்குச் சொந்தக்காரனையும் சேர்த்துக் கூட்டிப்போவான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். காட்சிக்கு வைத்திருந்த ரேடியோவையே தூக்கிக் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கினு ஓடிப்பூடு சாமி."

திரும்பும் வழியில் வேலப்பன்சாவடி வரைக்கும் நாயக்கர் ஜெயித்த கதையையே சொல்லிக்கொண்டு வந்தார். வேம்புலி இரண்டு தரம் தலையைத் திருப்பி, "பெரிய நைனா, ஒரு சமாச்சாரம்..." என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா. ஏழுக்குள்ள ஊடு போய்ச் சேரணும்."

அவர் கடிகாரத்துக்கு ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெட்டி முதல் திருகிலேயே பேசிற்று. தாட்சாயிணி தூணோரம் வந்து நின்றாள். காலையில் கட்டியிருந்த புடவை இல்லை, நல்ல புடவை.

ஏழு அடித்தது. ஒரு இங்கிலீஷ்காரர் யுத்தச் செய்தி வாசித்தார். நாயக்கர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். அப்புறம் வயலின் வந்தது. ஏழேகால் ஆயிற்று. வயலின் போய் வேறு வயலின் வந்தது. ஆட்டிய தலை நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தாட்சாயிணி மட்டும் தூணைவிட்டு அசையவில்லை.

ஏழரைக்கு நாயக்கர் அவள் பக்கம் திரும்பினார். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வராத பெயர் வந்தது.

"வரதன்... ஏழு மணின்னுதானே எழுதியிருந்தான்?"

வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வேம்புலி நிமிர்ந்தான்.

"ரேடியோகாரங்களுக்கு சர்க்கார் கடியாரம்தான், பெரிய நைனா. நூம்பல் வரதன்னு நம்ம ஊர் பேரெல்லாம் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. கடையில நீங்களே போய் மூடினீங்களே, அந்தப் பாட்டுதான்."