மாரப்பனும் மகிழ்ச்சிப் பெட்டியும்

வரிசையாக ஏழாவது ஆளும் சிவப்பு மூஞ்சியைத் தொட்டுவிட்டுப் போனபோது, ஹெட் கிளார்க் மாரப்பன் எட்டாவது ஆளின் விரலை எட்டிப் பார்த்தார்.

நீலகிரியில் ஜெகதளாவுக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியின் வாசலில், இடுப்புயரக் கம்பம் ஒன்றில் அந்தப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். அதன் கண்ணாடியில் ஐந்து மூஞ்சிகள். பச்சை மூஞ்சி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். சிவப்பு மூஞ்சி இழவு வீட்டிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும். வேலை முடிந்து போகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மூஞ்சியைத் தொட வேண்டும். அடுத்த நிமிஷம், பச்சைக்கு ஐந்து, சிவப்புக்கு ஒன்று என்று சராசரி போட்ட ஓர் எண், கடல் தாண்டி அயர்லாந்தில் அந்தப் பெட்டியை விற்ற கம்பெனியின் சுவரில் மின்னும்.

எல்லாம் முதலாளி மகன் வசந்த்குமாரின் ஏற்பாடு. பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இங்கே தேயிலை விலை படுத்துவிட்டது; ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. 'மகிழ்ச்சியான தொழிலாளர்கள் செய்த தேயிலை' என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிற ஐரோப்பிய வியாபாரி அம்மாள் ஒருவர், வருஷம் முழுக்க வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஒரே நிபந்தனை: மாதக் கடைசியில் அந்த எண் நாலைத் தொட்டிருக்க வேண்டும்.

"தொடலைன்னா சார்?"

"ஃபேக்டரிய இழுத்துப் பூட்டிர வேண்டியதுதான் மாரப்பன். பெட்டி உங்க பொறுப்பு. பக்கத்துலயே நில்லுங்க. ஒருத்தரும் தொடாமப் போயிரக் கூடாது."

"சரிங்க சார்."

"சார் வேண்டாம். இனிமே இங்க எல்லாரும் சமம். வசந்த்னே கூப்பிடுங்க."

"சரிங்க வசந்த் சார்."

முதல் நாள், கம்பெனி அனுப்பிய நாலு பக்க விளக்கத்தை ஆங்கிலத்தில் இருந்தபடியே, ஓர் எழுத்து விடாமல் எல்லோருக்கும் உரக்க வாசித்தார் மாரப்பன். யாரும் சந்தேகம் கேட்கவில்லை. அன்றைக்கு எண் 3.1. ஒரு வாரத்தில் 2.6.

மாரப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருஷமாக இதே நாற்காலி. இதை விட்டால் வேறு எந்த ஃபேக்டரி அவரைச் சேர்க்கும்? வயிறு குளிர்ந்தால் மனசும் குளிரும் என்று கணக்குப் போட்டு, குன்னூரிலிருந்து சுடச்சுட வர்க்கி வரவழைத்தார். கடைசியில் வருகிறவர்களுக்குப் போதுமா, போதாதா என்ற பதைப்பில் தான் ஒன்றுகூடத் தொடவில்லை.

தூள் சலிக்கும் ஞானசுந்தரி மூன்று வர்க்கியைச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். "த்சு" என்றபடி ஆரஞ்சு மூஞ்சியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"மூணு வர்க்கி தின்னுபோட்டு ஆரஞ்சா!" என்று மாரப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேர் சிவப்பைத் தொட்டார்கள். எண் 2.3.

அயர்லாந்துக் கம்பெனியிடம் யோசனை கேட்டார் வசந்த்குமார். வெள்ளிக்கிழமைதோறும் விளையாட்டு வையுங்கள் என்று பதில் வந்தது.

இலை வாட்டும் மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். பாட்டு நின்றதும் அடுப்புக்கு விறகு போடும் செல்லையா ஓடிவந்து உட்கார்ந்தார். அதே நாற்காலியில் உட்காரப் போன மாரப்பன் தரையில் உட்கார்ந்தார். மாடியே அதிரச் சிரித்தார்கள். சிலோனிலிருந்து வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சு மாறாத செல்லையா, கண்ணில் நீர் வழிய அவரைத் தூக்கிவிட்டார்.

"இப்படிச் சிரிச்சு வருசக்கணக்காச்சு கிளாக்கரையா!"

அன்று சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே நின்றார் மாரப்பன். செல்லையா முதல் ஆளாக வந்து சிவப்பைத் தொட்டார். எண் 1.8.

"மரியாதை அதிகமா இருக்குதுங்க மாரப்பன். அதான் மனசு விட்டுப் பழக மாட்டேங்கறாங்க" என்று கண்டுபிடித்தார் வசந்த்குமார். "நாளையிலிருந்து எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்."

மறுநாள் காலையிலேயே ஞானசுந்தரியின் குரல் ஃபேக்டரி முழுக்கக் கேட்டது.

"மாரப்பா! இடுப்பு எப்படியிருக்குது மாரப்பா?"

பெண்டாட்டிகூட ஒரு நாளும் அவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி விழுங்கிக்கொண்டு, "பரவாயில்லை... ஞானசுந்தரி" என்றார். எண் 1.4.

மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சவரம் செய்ய மறந்தார். கடைசி வாரம், பச்சையைத் தவிர வேறெதையும் தொட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொருவர் விரலையும் கண் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றார். அத்தனை விரலும் சிவப்புக்கே போயின. எண் 1.0. அதற்குக் கீழே போக வழியில்லை என்று பெட்டியே நின்றுவிட்டது.

மாதக் கடைசி நாள் ஆபீஸ் டிவியில் அந்த வியாபாரி அம்மாளின் முகம் வந்தது. இத்தனை துயரமான ஃபேக்டரியைத் தான் கண்டதே இல்லை என்றும், முடிவு சொல்லுமுன் ஒரு தொழிலாளியிடம் தானே கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஞானசுந்தரியைக் கூட்டி வந்தார்கள். மாரப்பன் கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாமச் சொல்லுங்க" என்றார் வசந்த்குமார். "உங்களுக்கெல்லாம் இங்க என்ன கஷ்டம்?"

"எங்களுக்குங்களா? ஒரு கஷ்டமும் இல்லீங்களே! வர்க்கியும் வெளையாட்டுமா, இந்த மாசம் பூரா கல்யாண ஊடு மாதிரி இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏங்க தினமும் சிவப்பு?"

ஞானசுந்தரி ஒருமுறை மாரப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டிவியில் இருந்த அம்மாளையும் சேர்த்து எல்லோரையும் முறைத்தாள்.

"பின்ன வேற எதத் தொடறதுங்க? பொட்டிகிட்ட இவரைக் கொண்டாந்து நிறுத்தி, மூஞ்சி எப்படி இருக்குதுன்னு தெனமும் எங்ககிட்டக் கேக்கறீங்க, நாங்களும் நாளுக்கு நாள் மோசமாயிட்டே போகுதுன்னு ஒரு மாசமாச் சொல்லிட்டே இருக்கறோம். உங்கள்ல ஒருத்தராச்சும் அந்த மனுசன ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"