எமகண்டத்தில் விழுந்த கோடு

இந்தக் கதையை இருபத்து மூன்று வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். யானை பேசியதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மருந்துக்கடைக்காரர் கேட்காமலே விளக்கம் சொன்னார் என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இடிப்பது வேறு இடம். சொன்னவள் என் மனைவி பகவதி. எங்கள் மகள் பிறந்த வருடம் சொன்னாள்.

ஒரு காட்டில் அல்லி என்று ஒரு இளம் யானை இருந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. இன்னும் பதினெட்டு நாளில் கூட்டம் மலை தாண்டி வலசை கிளம்ப வேண்டும். வெயிலில், தண்ணீர் இல்லாமல், பத்து நாள் நடை. கர்ப்பிணிகள் மட்டும் ஓடைக்கரையில் தங்கலாம். ஆனால் கர்ப்பம் பார்க்கிற கார்டில் இரண்டு கோடு விழுந்ததைத் தலைவியிடம் காட்ட வேண்டும். போன வருடம் அல்லி கார்டு பார்க்காமல் நடந்தாள். பாதி வழியில் கலைந்துபோனது. தலைவி வேறு யாருமில்லை, அவள் மாமியார்தான்.

அல்லியின் கணவன் கொம்பன், குரங்கின் மருந்துக்கடைக்குப் போனான். கடையில் ஆள் இருந்ததால் தலைவலி மாத்திரை கேட்டான். அவர்கள் போவதற்குள் வேறு ஆள் வந்தது. மறுபடியும் தலைவலி மாத்திரை கேட்டான். ஆறாவது மாத்திரையில் குரங்கே கேட்டது.

"அண்ணே, கார்டுதானே?"

கொம்பன் காதால் முகத்தை மூடிக்கொண்டு, "ரெண்டு குடு" என்றான்.

"நாள் தள்ளி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு."

"அப்ப தாராளமாப் பாக்கலாம். தள்ளிப் போறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுப் பாத்தாத்தான், இருந்தாலும் காட்டாது. காலையில எந்திரிச்சதும் முதல்ல போற ஒண்ணுக்குல மூணு சொட்டு விடணும். அஞ்சு நிமிஷத்துல பாத்துரணும். ஒத்தக் கோடு வந்தா மூணு நாள் கழிச்சு இன்னொண்ணுல பாருங்க."

குரங்கு கார்டுகளை நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, ரகசியமாகக் கொடுத்தது. அந்தக் காட்டில் கறுப்புக் கவரில் போட்டுத் தருகிற சரக்குகள் குறைவு. கொம்பன் வீடு சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மாமியார் கவரை வாங்கிப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டாள். பேப்பர் மடிப்புக்குள் இருந்த இன்னொன்றைப் பார்க்கவில்லை. பேப்பரைக் குப்பையில் போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்தாள்.

"நாளைக் காலையில பாத்துரவா அத்தே?"

"நாளைக்கு வியாழக்கிழமை. விடியிறப்பவே எமகண்டம். எமகண்டத்துல விழுற கோடு நிலைக்குமாடி?"

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து எதையும் வெளியே விடக் கூடாது."

"மூணே மூணு சொட்டு அத்தே."

"ஒரு சொட்டானாலும் வெளியே போனது போனதுதான்."

சனிக்கிழமை குளிகை. ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்து பார்க்க வேண்டிய நாத்தனார் வரவில்லை. பிறகு அஷ்டமி, நவமி, அமாவாசை, கரிநாள். கொம்பன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தும்பிக்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். கார்டு சாமிக்கு முன்னால் இருந்தது. மாமியார் தினமும் அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தாள்.

அல்லி வியாழக்கிழமை விடியற்காலையிலேயே, பேப்பரில் கிடைத்த கார்டில் பார்த்துவிட்டாள். இரண்டு கோடு. அதைக் குழி தோண்டிப் புதைத்தாள். எமகண்டத்துக் கோட்டை யாரிடம் காட்டுவது?

வலசை நாள் வந்தது. காலை பத்தரைக்கு நல்ல நேரம். கூட்டம் வரிசையில் நிற்க, மாமியார் கார்டைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். அல்லி நாவல் மரத்துக்குப் பின்னால் போனாள். பதினெட்டு நாள் மஞ்சள் தண்ணீரில் ஊறிய கார்டு ஒற்றைக் கோடுகூடக் காட்டவில்லை.

"என்னடி, ஆச்சா? நேரம் போகுது!"

அல்லிக்குப் போன வருடத்துப் பாதி வழி ஞாபகம் வந்தது. கீழே நாவல்பழம் உதிர்ந்து கிடந்தது. ஒன்றை நசுக்கினாள். ஒரு குச்சியை மென்று முனையைக் கூராக்கினாள்.

மாமியார் கார்டை எட்டப் பிடித்துப் பார்த்துப் பிளிறினாள். "ரெண்டு கோடு! பாத்தியா நல்ல நேரத்தோட மகிமையை? விடியக்காலையில பாத்திருந்தா வந்திருக்குமா?"

"எங்கே வரப் போகுது அத்தே."

கூட்டம் மலை ஏறியது. அல்லி ஓடைத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தாள்.

எனக்கு இடிக்கிற இடம் அந்த நாவல்பழம்தான். சாறு கார்டில் அவ்வளவு நேராக நிற்குமா? பரவிவிடாதா? இதைச் செய்து பார்க்காத ஒருத்தியால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியுமா? என் அம்மாவும் நாள் பார்க்காமல் நகம் வெட்டாதவள். அந்த வருடம் பகவதி கொடுத்த கார்டை அம்மா உயர்த்திப் பிடித்தபோது பக்கத்தில் நின்றவன் நான். எதையும் கேட்காமல் நின்றேன். போன வாரம் பகவதி நாவல்பழம் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊதா. கேட்டுவிட்டேன்.

"பகவதி, அன்னைக்கு எங்கம்மாகிட்ட நீ காட்டின கார்டுல அந்த ரெண்டு கோட்டையும் போட்டது யாரு?"

நீதி: விடியற்காலையில் தெரிந்துகொள், நல்ல நேரத்தில் தெரிவி, இரண்டுக்கும் நடுவே ஒரு நாவல்பழம் கைவசம் இருக்கட்டும்.