அடுத்த மரத்தடியில் சாப்பாடு

பெங்களூர் கண்டோன்மெண்டில் அந்தக் காலத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். ஆனால் நோயாளியின் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய வைத்தியர் உலகத்திலேயே ஒருவர்தான். பிரேசர் டவுனில் அவரை மரத்தடி கம்பவுண்டர் என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

டைபாய்டில் நான்கு மாதம் படுத்துவிட்டேன். காய்ச்சல் என்னை விட்டபோது கால்களும் விட்டுவிட்டன. "இனி நன்றாகச் சாப்பிட்டு மெல்ல நடக்கலாம்" என்று டாக்டர் சொல்லியும், என் மனைவி ஸ்டெல்லா பயந்துபோய்ப் பார்லிக் கஞ்சியையும் ரொட்டியையும் கட்டிலிலேயே ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக இருந்த ஜவுளிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி மாடியேறி வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

ஸ்டெல்லா அழுதுகொண்டே கம்பவுண்டரைக் கூட்டி வந்தாள். அவர் என் கெண்டைக்காலைக் கிள்ளினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளைத்தான் கட்டிப் போட்டு வெச்சிருக்கே. நாளையிலேருந்து சமைக்கிறது நீம்மா, பரிமாறுறது நானு."

மறுநாள் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் மணந்தன. அவர் தூக்குப் பாத்திரத்தை வாங்கினார்; சைக்கிளில் மாட்டினார்; கிளம்பிவிட்டார்.

"ஐயோ, என் சாப்பாடு எங்கே போகுது?"

"தெருக்கோடி புங்கமரத்துக்கு. பசிச்சா வாங்க ரைட்டரே!"

தெருவே கூடிவிட்டது. அவர் கம்பவுண்டராக இருந்தது பட்டாளத்துக் குதிரை ஆஸ்பத்திரியில் என்ற உண்மையை எதிர்வீட்டம்மாள் அன்றைக்குத்தான் போட்டு உடைத்தாள். ஸ்டெல்லா புங்கமரத்தடிக்கே ஓடி அவரிடம் கேட்டுவிட்டாள்.

"ஆமாம்மா. படுத்த குதிரைக்குப் புல்லைத் தள்ளி வெச்சுத்தான் எழுப்புவோம். மனுஷனுக்கும் அதேதான். என்ன, குதிரை சொன்னா கேக்கும்."

அன்று பாதி வழியில் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரக்கப்பட்ட பால்காரர் ஒருவர் பாத்திரத்தை எடுத்துவரப் போனார். "தொடாதேப்பா! அவர் சாப்பாட்டுக்கு அவரே வரட்டும்!" என்று கம்பவுண்டர் போட்ட சத்தத்தில் புங்கமரத்து மைனாக்கள் பறந்துவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிப்பதற்காகவே எழுந்தேன். சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, மரத்தைப் பிடித்தபோது உச்சிவெயில். அவர் பாத்திரத்தைத் திறந்தார். உள்ளே இரண்டு களி உருண்டைகள் இருந்தன.

"நீங்க சாப்பிடலையா?"

"நோயாளி பட்டினி கிடக்கும்போது வைத்தியன் தின்னலாமா? சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் நகருங்க, நிழல்ல உக்காரணும்."

அதற்குப் பிறகு சாப்பாடு ஊரைச் சுற்றத் தொடங்கியது. மாதா கோயில் மாமரம், அதைத் தாண்டி ஒரு அரசமரம், கடைசியில் ஜீவனஹள்ளிப் பக்கம் ராகி வயலோரம் ஒரு பலாமரம். ஸ்டெல்லா மனம் கேளாமல் தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைத்த அன்று, அதை மோப்பம் பிடித்து எடுத்து என் கண்ணெதிரே தின்றுவிட்டு, "உப்பு பத்தலை" என்றார்.

சாப்பிட்டதும் எழுந்து போகவும் விடமாட்டார். "மேலே பாருங்க ரைட்டரே. நாலு மாசமா உத்தரத்தையே பாத்தாச்சு, கொஞ்சம் இலையைப் பாருங்க" என்பார். பனி காயாத வயலில் வாலாட்டிக் குருவியைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், எனக்குக் கால் வலிக்குமே என்பதே மறந்துபோயிற்று.

ஒன்றாம் தேதி கம்பெனி மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறினேன். கையெழுத்துப் போட்டேன். மானேஜர் என் கன்னத்தைப் பார்த்து, "லீவில் மைசூருக்குப் போயிருந்தீரா?" என்றார்.

சாயங்காலம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு கம்பவுண்டரைத் தேடி ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். அவர் சைக்கிளில் வேறொரு தூக்குப் பாத்திரம் தொங்கியது. பக்கத்துத் தெருவில் ஒரு ஒல்லியான மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இங்கே என்ன வேலை? உங்களுக்கு இனிமே வீட்ல சாப்பாடு, போங்க" என்றார் கம்பவுண்டர், என் பக்கம் திரும்பாமலே.

உடம்பு தேறிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டது, என் ஆயுளில் அந்த ஒரு சாயங்காலம்தான்.