டெல்மர் தன் கல்லூரிக்கு எதிராகவே பந்தயம் கட்டிய படலம்

வாழ்க டெல்மர் ஃபென்ஸ்டர்மேக்கர்! இண்டியானா மாநிலத்து வாலஸ் க்ராசிங் என்னும் திருநகரிலே மக்காச்சோள விதை விற்று மாடிவீடு எழுப்பியவனும், கால்நூற்றாண்டாய்ப் பந்து ஒன்றைக் கையால் தொடாமலே கூடைப்பந்தின் கரைகண்டவனும், முன்வழுக்கையைத் தொப்பியாலும் மற்ற குறைகளையெல்லாம் உரத்த குரலாலும் மறைத்தவனும், ஆட்டத்துக்கு முன் உரைத்த ஆரூடம் ஆட்டத்துக்குப் பின் பொய்த்தால் ஆட்டத்தையே குற்றம் சாட்டும் அஞ்சா நெஞ்சினனுமாகிய அம்மாவீரன் வாழ்க! அவன் புகழைப் பாடப் புகுந்த என் நாவில், பகடையையும் பந்தையும் படைத்து, அவற்றை நம்பப் பித்தர்களையும் படைத்த தெய்வமே, வந்து அமர்க. நெடுநேரம் அமர வேண்டாம், கதை சிறிது.

வாலஸ் க்ராசிங் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு நாரைகள் என்று பெயர். ஒற்றைக் காலில் நின்று மீனுக்குக் காத்திருக்கும் பறவையின் பெயரை ஓடியாடும் அணிக்குச் சூட்டிய முன்னோர், தம் பேரப்பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்பதைத் தெளிவாகவே அறிந்திருந்தனர். அந்த நாரைகளுக்கு ஓர் ஆதரவாளர் சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவர். அந்தத் தலைவருக்கு மூன்று பேறுகள். தங்கநூலில் பெயர் பொறித்த பச்சைச் சட்டை ஒன்று. பயிற்சியாளருக்கு நேர் பின்னே, அவர் பிடரி வியர்ப்பதைக் காணும் தூரத்தில் ஓர் இருக்கை. வெள்ளிக்கிழமை மதியந்தோறும் ரோண்டாவின் உணவகத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து மறுநாள் ஆட்டத்தை அலசும் உரிமை. பழைய தலைவர் மூட்டுவலி தாளாமல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், சனிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு புதிய தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு.

அச்சட்டைக்காக டெல்மர் ஏங்கிய ஏக்கத்தைச் சொல்லில் அடக்க முடியாது. சட்டையின் அளவைக்கூட ரகசியமாக விசாரித்து, அதற்குள் அடங்குவதற்காக இரண்டு வாரம், பழம் பொதிந்து சுடும் 'பை' என்னும் பணியாரத்தைத் தின்னாமல் இருந்தான். அந்நாட்டில் பை தின்னாமல் இருப்பது நம் நாட்டில் காட்டுக்குப் போய்த் தவம் செய்வதற்கு நிகர்.

அவனுக்கு எதிரே நின்றவள் கார்லா விம்மர். ஊரின் சவ அடக்க நிலையத்தை நடத்துபவள். பிறர் துயரத்தின் நடுவே முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் நிற்பதையே தொழிலாகக் கொண்டவள். அப்படைக்கலத்தின் கூர்மையை டெல்மர் அன்று அறியவில்லை.

வெள்ளி மதியம் வந்தது. தலைவர் இல்லாத ஒலிபெருக்கியை, தலைவனாகப் போகிறவன் என்ற முறையில் டெல்மரே கைப்பற்றினான். தட்டில் ரொட்டியைவிட இரு மடங்கு அகன்ற பன்றியிறைச்சி வறுவல் ஆறிக்கிடக்க, இடியென முழங்கினான்:

"கேட்டுக்கோங்க மக்கா! நாளைக்கு வரப்போறது பெல்ஃபோர்ட் ஸ்டேட்டு. அணிக்குப் பேரு காட்டெருமையாம், காட்டெருமை! அவங்க சென்டர் ஆடுறவனுக்கு இடது முட்டியில கட்டு. ஃப்ரீ த்ரோ போட்டா பாதி வெளிய. வெளியூர் ஆட்டம்னாலே அவனுங்களுக்கு வயித்தக் கலக்கும். நம்ம நாரைங்க பன்னெண்டு பாயிண்ட்ல ஜெயிக்குது. எழுதி வச்சுக்கோங்க!"

"போன வாரமும் எழுதி வச்சோம் டெல்மர்," என்றாள் கார்லா, காப்பியிலிருந்து கண்ணெடுக்காமல். "பேப்பர்தான் வீணாப் போச்சு."

"நம்பிக்கை இல்லாதவங்க எல்லாம் தலைவர் ஆக ஆசைப்படக் கூடாது கார்லா!"

அவை ஆர்ப்பரித்தது. ரோண்டா காசு வாங்காமலே இன்னொரு காப்பி ஊற்றினாள். வெற்றிவாகை சூடிய வேந்தன் போல் டெல்மர் எழுந்து நேரே கழிப்பறைக்குள் சென்று தாழிட்டு, கைப்பேசியைத் திறந்து, காட்டெருமைகள் மேல் நானூறு டாலர் கட்டினான்.

வியக்கற்க. இது துரோகம் அன்று. அவன் அகராதியில் இதன் பெயர் முன்யோசனை. பந்தயச் சந்தை அந்த ஆட்டத்துக்கு ஏழரை என்று வரம்பு வகுத்திருந்தது. அதாவது காட்டெருமைகள் சும்மா வென்றால் போதாது. ஏழரைப் புள்ளிக்கு மேல் வென்றால்தான் அவர்கள்மேல் கட்டியவனுக்குக் காசு. அரைப் புள்ளி என்பது எந்த ஆட்டக்காரனும் எந்தக் காலத்திலும் போட முடியாத புள்ளி; பந்தயக்காரர்களை அழவைப்பதற்கென்றே அவதரித்தது. டெல்மரின் வியூகமோ வியூகங்களுக்கெல்லாம் வியூகம். நாரைகள் வென்றால் நெஞ்சு குளிரும். சொன்ன சொல் பலித்துச் சட்டையும் கிட்டும். நாரைகள் படுதோல்வி அடைந்தால் சட்டைப்பை குளிரும். ஆகவே துன்பம் நுழைவதற்கு வாசலே இல்லாத கோட்டையைக் கட்டிவிட்டதாக எண்ணி, கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துத் தலையசைத்துப் பாராட்டிக்கொண்டான். நாரைகள் ஒன்று முதல் ஏழு புள்ளிக்குள் தோற்றால் என்னாகும் என்று, யானை நுழையும் அகலத்துக்கு ஒரு வாசலைத் திறந்தே போட்டிருந்ததை அந்தச் சிற்பி கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். முரசு அதிர்ந்தது, எக்காளம் பிளிறியது, சோளப்பொரி பறந்தது. பச்சை வண்ணம் பூசிய முகங்களோடு ஊரே அரங்கில் திரண்டது. டெல்மர் மனைவி ஜோலீனோடு நான்காம் வரிசையில் அமர்ந்தான். கார்லா அவனுக்கு முன்வரிசை.

முதல் பாதியில் நாரைகள் முந்தினார்கள். டெல்மர் எழுந்து நின்று கத்தினான், உண்மையாகவே கத்தினான். இரண்டாம் பாதியில் காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தார்கள். கட்டுப் போட்ட முழங்காலன், அந்தக் கட்டே தன்னைத் தூக்குகிறதோ என்னும்படி எம்பி எம்பிக் கூடையை நிறைத்தான். நாரைகள் இரண்டு புள்ளி பின்தங்கியபோது நம் வீரனின் உள்ளத்தில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரை என்னென்பேன்! நெஞ்சு ஒரு பக்கம் கொடி பிடிக்க, சட்டைப்பை மறுபக்கம் கொடி பிடிக்க, இடையே நின்ற நாக்கு எந்தப் படைக்கு முழங்குவது என்று தெரியாமல் உலர்ந்தது. ஐந்து புள்ளி பின்தங்கியபோது நெஞ்சு சரணடைந்தது. அதன்பின், "விடாதீங்கடா பசங்களா!" என்று வாய் கூவ, "விடுங்கடா, விட்டுத் தொலைங்கடா" என்று வயிறு வேண்டியது.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் காட்டெருமைகள் எழுபத்தொன்று, நாரைகள் அறுபத்திரண்டு. ஒன்பது புள்ளி வித்தியாசம். டெல்மரின் கண்ணுக்குள் டாலர்கள் கைகோத்து ஆடின. வெல்பவர்கள் இனிக் கூடைக்கு எறியாமல் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்துவதும், தோற்பவர்கள் கையைத் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் அங்கே காலங்காலமான மரியாதை. ஆனால் பந்தைத் தட்டிய காட்டெருமை கூட்டத்தில் எவளையோ பார்த்துச் சிரிக்கப்போக, பந்து அவன் காலிலேயே பட்டு உருண்டது. உருண்ட பந்து க்ளேட்டன் யோடரின் கைக்கு வந்தது. உயரத்தைத் தவிர வேறெதையும் கல்லூரிக்குக் கொண்டுவராதவன் க்ளேட்டன். மரியாதை என்ற ஒன்றை அவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை போலும். பாதி மைதானத்திலிருந்து, அண்டாவைத் தூக்கி எறிபவன் போல் இரு கையாலும் எறிந்தான்.

பந்து வானில் எழுந்தது. அரங்கம் மூச்சடக்கியது. அந்தப் பெருமௌனத்தைப் பிளந்துகொண்டு நான்காம் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

"வேணாம்டா! ஐயோ, உள்ள போகாத! போகாதேஏஏ!"

பந்து உள்ளே போனது. மூன்று புள்ளி. வித்தியாசம் ஆறு. மணி ஒலித்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நிற்க, ஊர் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நம்ம பையன்தானே போட்டான்?" என்றாள் ஜோலீன். "எதுக்கு நீ அழுவுற?"

"அழல. தூசி."

கார்லா மட்டும் நிறுத்தாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டியபடியே மெல்லத் திரும்பி ஒரே ஒரு சொல் கேட்டாள்: "ஏழரையா?"

"எ... எது ஏழரை?"

அவ்வளவுதான். உணவகத்தில் பில்லை நான்காகப் பிரிக்கத் தெரியாமல் அரைமணி நேரம் தவிக்கும் அவ்வூர்க்காரர்கள், ஏழரையிலிருந்து ஆறைக் கழிக்கும் கணக்கை இமைப்பொழுதில் போட்டு முடித்தார்கள். "கட்டிட்டான்டா! நமக்கு எதிராவே கட்டிட்டான்!" என்ற சேதி வரிசை வரிசையாக மேலேறிக் கூரையைத் தொட்டது.

கல்லூரி உணவுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டுத் தேர்தல் தொடங்கியது. டெல்மர் பின்வாங்கும் குலத்தவன் அல்லன். நெஞ்சு நிமிர்த்தி நின்று, தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டான்:

"நான் கத்தினது துரோகம் இல்ல! ஆட்டம் தெரிஞ்சவன் பேசறேன், கேளுங்க. பாதி கோர்ட்டுல நின்னு எறியறது தப்பான ஷாட்! எந்தக் கோச்சும் ஒத்துக்க மாட்டாரு!"

"உள்ள போச்சே டெல்மர்," என்றார் மூலையிலிருந்து பயிற்சியாளர்.

"போனாலும் தப்பு தப்புதான்!"

அதன்பின் கார்லா எழுந்தாள். இறந்தவரின் உறவினரிடம் பேசும் அதே கனிந்த குரலில், "ஜெயிச்சாலும் தோத்தாலும் கைதட்டுறவங்கதான் இந்தச் சங்கத்துக்கு வேணும்," என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். பலர் கண்களில் நீர் தளும்பியது. அவர்களில் பாதிப்பேருடைய நீருக்குக் காரணம் வேறு. கார்லாவும் காட்டெருமைகள் மேல்தான் கட்டியிருந்தாள், டெல்மரைவிட இருநூறு டாலர் கூடுதலாக. விதைக்கடைக்கு எதிரே இருக்கும் முடிதிருத்துபவரும் கட்டியிருந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மையாரும் கட்டியிருந்தார். அவர்களெல்லாம் தொலைத்த காசுக்காகக் கதறிய கதறலைக் கைதட்டலாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள். அந்த நகரத்தில் அதற்குப் பெயர் விசுவாசம். வாய்விட்டுக் கதறியவன் ஒருவனே. ஆகவே துரோகியும் ஒருவனே.

கார்லாவுக்குக் கைகள் உயர்ந்தன. காட்டில் மூங்கில் எழுந்தாற்போல், கடலில் அலை எழுந்தாற்போல், போர்க்களத்தில் வேல்கள் எழுந்தாற்போல் உயர்ந்தன. டெல்மருக்கு உயர்ந்தது டெல்மரின் வலக்கை. ஆதரவு போதாதென்று இடக்கையையும் தூக்கப்போனான். ஜோலீன் அதைப் பிடித்துக் கீழே இறக்கி, "வா, எனக்குப் பசிக்குது," என்றாள். அவள் யாருக்கு வாக்களித்தாள் என்று அவன் கேட்கவில்லை. பச்சைச் சட்டை கார்லாவின் தோளில் ஏறியது. அவளுக்கு அது இரண்டு அளவு பெரிது. ஆயினும் அவை ஆர்ப்பரித்தது, முரசு முழங்கியது, நாரைச் சின்னம் பொறித்த கேக் வெட்டப்பட்டது. விண்ணும் மண்ணும் வியக்க வாழ்ந்த அவ்வீரனோ, சரிந்த மணிமுடியும் முறிந்த வில்லும் துறந்த தேருமாகத் தன்னந்தனியே அக்களத்தின் நடுவே நின்றான்.

டெல்மர் நாற்காலிகளை மடக்கி அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.