விதிக்கேற்ற சிப்

விதியின் விலை ஐயாயிரம் நைரா. பேரம் கிடையாது. ரசீதும் கிடையாது, ரசீது கேட்டால் விசுவாசம் குறைவு என்று பொருள்.

பேரம் கிடையாது என்ற இடத்தை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். ஏனென்றால் இது லாகோஸ், இக்கேஜா கம்ப்யூட்டர் சந்தை. இங்கே சார்ஜர் ஒயருக்கு நாலாயிரம் என்றால் எழுநூற்றிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை. விலை படிந்த பிறகும் காசு கை மாறாது. அந்த ஒயரைக் கடைக்காரன் போனிலேயே செருகி, சதவீதம் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பார்கள். கடைக்குக் கடை பலகை தொங்குகிறதே: ‘சோதித்து வாங்குங்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’

ஒயரை இப்படிக் குடைந்த ஜனம், விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியது. கண்ணை மூடச் சொன்னவரும் விதியை விற்றவர்தான்.

அவர் பெயர் பாபா ஜிகா. மூன்று வருடம் முன்புவரை வெறும் சாம்சன். இதே சந்தையில் உடைந்த போன் திரை மாற்றிக்கொண்டிருந்தவர். அவர் மாற்றிய திரைகளில் பாதி இன்றும் இருட்டாகவே இருக்கின்றன. பிறகு ஒருநாள் அருள் இறங்கியது. திரையைச் சரிசெய்யத் தெரியாதவருக்கு விதியைச் சரிசெய்யத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். விளையாட்டுக் கணினி வாங்க வருகிறவனுக்கு ஒரே ஒரு தலைவலி: அதன் மூளையான சிப்பை எந்தக் கம்பெனியில் வாங்குவது? இருப்பது இரண்டே கம்பெனி. ஒன்றின் பெட்டி நீலம், மற்றதன் பெட்டி சிவப்பு. இந்த இரண்டு நிறத்துக்காகச் சந்தையில் சட்டை கிழிந்திருக்கிறது. மூஷின் பக்கம் ஒரு வீட்டில் அண்ணன் நீலம், தம்பி சிவப்பு. ஒரே தட்டில் ஜொலோஃப் சோறு சாப்பிட்டவர்கள் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. இத்தனைக்கும் தம்பியிடம் கணினியே இல்லை.

பாபா ஜிகா இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டுபிடித்தார். எமெனிகே என்கிற சிப் வியாபாரியின் கடை மாடியில் உட்கார்ந்துகொள்வார். நீலச் சிப் ஒன்று, சிவப்புச் சிப் ஒன்று, தனித்தனி வெள்ளைத் துணியில் மடித்து உங்கள் இரண்டு உள்ளங்கையிலும் வைப்பார். கண்ணை மூடச் சொல்வார். ஜெபிப்பார். கடைசியில் “ஆமென்” என்று கத்தி உங்கள் கையைப் பொத்தி அமுக்குவார். உடனே ஒரு கையில் சூடு ஏறும். எது சூடோ அதுவே உங்கள் விதிக்கேற்ற சிப். கீழே போய் எமெனிகேயிடம் வாங்கிக்கொள்ளலாம். சிப்பின் முதுகில் தடவ அபிஷேகப் பசையும் உண்டு, குழாய் மூவாயிரம். புதினா வாசனை வரும். அதே வாசனையை ஜனங்கள் தினமும் காலையில் வாய் கொப்பளிக்கும்போது முகர்கிறார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை வரிசையில் நாற்பத்தோராவது ஆளாக நின்றவன் ஒபியோரா. ஒஜோட்டாவில் விளையாட்டுக்கூடம் நடத்துகிறவன். மூன்று பழைய கணினி, ஒரு ஜெனரேட்டர், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக் கால்பந்து விளையாட விடுவான். எதிர்ச்சாரியில் ஒருத்தன் குளிர்சாதனம் வைத்துப் புதுக்கூடம் திறந்ததிலிருந்து ஒபியோராவின் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை தெருக்குழுக்களின் கால்பந்து இறுதியாட்டம். நடுவில் படம் உறையாத கணினி யாரிடம் இருக்கிறதோ அவன் கூடத்தில்தான் ஆட்டம். ஆட்டம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் இனிமேல் கூட்டம். ஒபியோரா தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். எட்டு லட்சம் நைரா காலுறைக்குள் இருந்தது. தப்பான கணினி வாங்கினால் விற்க இரண்டாவது மோட்டார் சைக்கிள் இல்லை.

பக்கத்தில் அவன் மனைவி உலோமா. யாபா சந்தையில், கனடாவுக்குப் போகிறவர்களுக்குப் பழைய குளிர்கோட்டு விற்கிறவள். வியர்த்து ஊற்றும் ஊரில் கம்பளிக் கோட்டு விற்றுப் பிழைப்பவளுக்கு மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

“எட்டு லட்சத்தை ஒரு உள்ளங்கைய நம்பிக் குடுக்கப்போறியா?” என்றாள்.

“சும்மா இரு. ஊரே நம்புது.”

“ஊருக்கு மோட்டார் சைக்கிள் இன்னும் இருக்கு.”

முன்னால் நின்ற பருத்த ஆள் திரும்பினார். “மேடம், சந்தேகப்படாதீங்க. என் மச்சானுக்கு நேத்து சூடேறினதுல கையே கொப்பளிச்சுப்போச்சு.”

“கொப்புளத்தப் பாத்தீங்களா?”

“மச்சான் சொன்னான்.”

“மச்சானுக்கு எது சூடாச்சு?”

“நீலம். இந்த வாரம் எல்லாருக்கும் நீலம்தான்.”

“போன வாரம்?”

“போன வாரம் எல்லாருக்கும் சிவப்பு.”

உலோமா கீழே எமெனிகேயின் கடையை எட்டிப்பார்த்தாள். கூரைவரை நீல அட்டைப்பெட்டிகள். சிவப்பில் இரண்டோ மூன்றோ மிச்சம். “விதி லாரியில வந்து இறங்குது போல,” என்றாள். பருத்த ஆள் சிரித்தார். பிறகு சிரித்தது பாவமோ என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

ஒபியோராவின் முறை வந்தது. அவன் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. ஆனால் முன்னால் போன நாற்பது பேரும் கலைந்து போகவில்லை. அடுத்தவன் விதியைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. பாபா ஜிகா வெள்ளை அங்கியில் இருந்தார். கழுத்தில் பழைய கணினி நினைவகப் பட்டைகளைக் கோத்த மாலை. ஐயாயிரத்தைப் பெட்டியில் போட்டதும் அவர் முகத்தில் கருணை சுரந்தது.

“மகனே, கண்ணை மூடு.”

ஜெபம் நீளமாக இருந்தது. இடக்கையில் எதுவுமில்லை. “ஆமென்.” வலக்கை பொத்தப்பட்டது. ஒபியோராவின் உள்ளங்கையில் நிஜமாகவே சூடு பரவியது. அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாபா துணியை விரித்துக் காட்டினார். நீலம்.

“வாழ்க்கைல முதல் தடவையா ஒரு விஷயம் எனக்குத் தெளிவாத் தெரியுது,” என்றான் ஒபியோரா, காலுறையைத் தடவிக்கொண்டே.

“பாபா,” என்றாள் உலோமா, “எனக்கும் ஒருதரம் பாக்கணும்.”

“ஐயாயிரம், மகளே.”

“பாத்துட்டுத் தர்றேன். இது இக்கேஜா. சோதிக்காம வாங்கற பழக்கம் இல்ல. ரெண்டு சிப்பையும் நானே துணியில மடிச்சுத் தர்றேன். எதுக்குள்ள எதுன்னு உங்களுக்குத் தெரியாது. எது சூடாகுதோ அது என் விதி. சரிதானா?”

கூட்டம் உடனே ஆமோதித்தது. சோதிப்பது சந்தைச் சட்டமாயிற்றே. பாபா ஜிகாவும் மறுக்கவில்லை, புன்னகைத்தார். மறுக்க என்ன இருக்கிறது? எந்தக் கையை அமுக்குகிறாரோ அந்தக் கை சூடாகும். உள்ளே நீலம் இருந்தால் நீலம் விதி. சிவப்பு இருந்தால் சிவப்பு விதி. இப்படித் தோற்கவே முடியாத பந்தயத்தை அவர் பிழைப்பாகவே வைத்திருந்தார்.

உலோமா சிப்புகளையும், பாபா ஆளுக்கு ஆள் மாற்றித் தரும் புதுத் துணிகளையும் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, புருஷன் பக்கம் திரும்பினாள். துணியின் ஓரத் தையலை விரலால் ஒருமுறை நசுக்கிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. இரண்டு சிப்பையும் அவன் சட்டைப் பைக்குள் நழுவவிட்டாள். கைப்பையிலிருந்து இரண்டு சதுர உப்பு பிஸ்கட்டை எடுத்து, துணிக்கு ஒன்றாகப் பவ்வியமாக மடித்தாள். நெஞ்சுக்கு மேல் நாலு லட்சம் நைரா எமெனிகேயின் சரக்கை வைத்துக்கொண்டு ஒபியோரா வியர்த்தான்.

அவள் கண்ணை மூடிக் கைகளை நீட்டினாள். விசுவாசத்தின் சிலை மாதிரி இருந்தாள்.

பாபா ஜிகா ஜெபித்தார். பெண்ணுக்கு என்பதால் கூடுதலாக இரண்டு வசனம். பிறகு “ஆமென்” என்று அவள் இடக்கையைப் பொத்தி அமுக்கினார்.

கறுக்.

சிப் நொறுங்கிய சத்தம் என்று முதலில் நினைத்தவர் எமெனிகே. அதுவரை படிக்கட்டில் ஓரமாக, தனக்கும் மாடிக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி நின்றவர், ஒரே தாவலில் உள்ளே வந்தார்.

“டேய் சாம்சன், ரெண்டு லட்ச நைரா சரக்குடா அது. மெதுவா அமுக்குன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

பதற்றத்தில் மறைக்க வேண்டியதே மறந்துவிட்டது அவருக்கு. உலோமாவின் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் உதறினார்.

பிஸ்கட் தூள் கொட்டியது. சூடான பிஸ்கட் தூள்.

எமெனிகே வெறித்தார். மற்றத் துணியையும் பிரித்தார். முழு பிஸ்கட்.

“ஆக, என் விதி பிஸ்கட்டு,” என்றாள் உலோமா, கண்ணைத் திறந்து. “அதுவும் இடக்கை பிஸ்கட்டு. வலக்கை பிஸ்கட்டோட எனக்குப் பொருத்தம் இல்ல.”

பருத்த ஆள் முன்னால் வந்தார். “பாபா, பிஸ்கட்டு நீலமா, சிவப்பா?”

“இது செய்வினை,” என்றார் பாபா ஜிகா. “இந்தப் பெண்ணோட ஊர்க்காரங்க சிப்ப பிஸ்கட்டா மாத்திட்டாங்க.”

“மாத்தலையே, இங்க இருக்கே,” என்று ஒபியோரா சட்டைப் பையிலிருந்து இரண்டையும் எடுத்துக் காட்டினான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

உலோமா துணியின் ஓரத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளிருந்து தீப்பெட்டி அளவு ரப்பர் பை ஒன்று வந்தது. உள்ளே கூழ், கூழுக்குள் சின்ன உலோகத் தகடு. மற்றத் துணியிலிருந்து அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதை எல்லோரும் பார்க்க உயர்த்தி, தகட்டை மடக்கினாள். ‘டிக்’. பருத்த ஆளின் கையில் வைத்தாள்.

“ஐயோ, சூடேறுது,” என்றார் அவர்.

“ஏறும். பனி கொட்டற ஊர்ல இத சட்டைப் பைல போட்டுக்குவாங்க. கை விறைக்காது. ஆறினதும் வெந்நீர்ல கொதிக்கவெச்சா மறுபடி தயார். என் கோட்டு மூட்டைல வரும். ஒண்ணு ஆயிரத்தைந்நூறு, கனடா போறவங்க வாங்கிட்டுப் போவாங்க. நம்ம ஊர்ல கைய சூடாக்கறதுக்கு யாரு காசு குடுப்பா? அதான் யாருக்கும் தெரியல.” பிறகு எமெனிகே பக்கம் திரும்பினாள். “முதலாளி, போன மாசம் கனடா போற மச்சினனுக்குன்னு என்கிட்ட ரெண்டு டஜன் வாங்கினீங்களே. மச்சினனுக்கு இன்னும் விசா வரலையா?”

எமெனிகேயின் கண் பின்னால் போனது. பின்கட்டில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. தேநீருக்கு என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லப்பட்ட பானை. யாருக்கும் ஒரு கோப்பை தேநீர் கிடைத்ததில்லை என்பது நாற்பது பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பாபா ஜிகா அங்கியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் பாய்ந்தார். ஆனால் படிக்கட்டு முழுக்க அவருடைய பக்தர்கள். பணப்பெட்டி கைமாறியது. மாலை அறுந்தது. “அடிக்காதீங்க, எண்ணுங்க,” என்று உலோமா சத்தம் போட்டதால் சாம்சன் பல்லோடு தப்பினார்.

ஒபியோரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். “எனக்கு நிஜமாவே சூடேறிச்சு,” என்றான் மெல்ல.

“சூடு நிஜம்தான். அதுக்கு அவன் சொன்ன அர்த்தம்தான் பொய்.”

“இப்ப எத வாங்கறது? சனிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு.”

“உன் கூடத்துல என்ன விளையாடறாங்க?”

“கால்பந்து.”

“அத ரெண்டுலயும் போட்டுப் பாரு. ஒயரு வாங்கறவன் செய்யறதத்தான் நீயும் செய்யணும்.”

கீழே கடையில் எமெனிகேயின் குரலில் இப்போது தேன் வழிந்தது. நீலத்தில் ஒரு கணினி, சிவப்பில் ஒரு கணினி, இரண்டுக்கும் ஒரே விலை, மற்ற உறுப்பெல்லாம் ஒன்று. ஒபியோரா பையிலிருந்த தன் விளையாட்டை ஏற்றினான். திரை மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று எண் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டார்கள். எது சூடேறித் திணறுகிறது, எது ஜெனரேட்டரின் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று பருத்த ஆள் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். ஒன்று தெளிவாக முந்தியது. ஒபியோரா அதையும் இருபதாயிரம் பேரம் பேசிக் குறைத்த பிறகுதான் காலுறையைக் கழற்றினான்.

சனிக்கிழமை இறுதியாட்டம் அவன் கூடத்தில்தான் நடந்தது. படம் ஒருமுறைகூட உறையவில்லை. எதிர்ச்சாரிக் குளிர்சாதனம் அன்று காலி நாற்காலிகளைக் குளிரவைத்தது.

எந்த நிறம் ஜெயித்தது என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வாசலில் வரிசை நிற்பீர்கள். உங்கள் விளையாட்டு வேறு, உங்கள் காசு வேறு, உங்கள் மின்சாரம் வேறு. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியின் கணக்கை மட்டும் சொல்கிறேன். அன்றைய வரவு, நாற்பத்தொரு பேர், தலைக்கு ஐயாயிரம்: இரண்டு லட்சத்து ஐயாயிரம் நைரா. முப்பத்தெட்டு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்: ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மூன்று பேர் வாங்க மறுத்துவிட்டார்கள். ரப்பர் பை இருந்தது மற்றவர்கள் துணியில்தானாம், தங்கள் கையில் ஏறியது அசல் அருளாம். மீதி பதினைந்தாயிரம் உலோமாவிடம் இருக்கிறது. அந்த மூவரும் எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம். யோசித்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இன்றுவரை யாரும் வரவில்லை. பாக்கி: பதினைந்தாயிரம்.