வசந்தா அக்காவின் கோலமும் என் இரண்டு பக்கெட் தண்ணீரும்

பதவி மனிதனை மாற்றிவிடும் என்பார்கள். என்னைக் கெடுக்க, சேலையூரில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடியின் செயலாளர் பதவியே போதுமாக இருந்தது.

அந்த மார்கழியில் போர் மோட்டார் புகைந்து ஐந்து நாளாகியும் நான் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. (செயலாளருக்கு வேறு வேலை இருக்காதா?) ‘யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை, பொறுத்துக்கொள்ளவும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை விட்டேன். மூன்றாம் மாடி வசந்தா அக்கா, “எப்ப சார் சரியாகும்?” என்று கேட்டார். அவரைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டேன்.

மறுநாள் காலை கேட் எதிரே அவர் போட்ட பெரிய தாமரைக் கோலம். பூசணிப்பூ வைக்கிற இடத்தில் நீலப்பொடியில் எழுத்து: ‘செயலாளர் சார், தண்ணி எப்ப வரும்?’

பால் வாங்கப் போனவர்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. துடைப்பத்தால் தேய்த்தேன். நீலம் அசையவில்லை. வீட்டுக்கு ஓடி, இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

“இன்னா சார், தண்ணியே இல்லைனு சொல்லிகினு இருந்தீங்கோ, இங்க ஆறா ஓடிகினு கீது!” என்றார் வாட்ச்மேன்.

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. (மோட்டார் இருமத் தொடங்கிய அன்றே நான் மூன்று டிரம் நிரப்பி வைத்திருந்தேன். புத்திசாலி!)

“சார், இது எந்த ஊர் தண்ணி?” என்று வசந்தா அக்கா பணிவாகக் கேட்டார்.

அடுத்த நாள் எல்லா வாசலிலும் கோலம், எல்லாக் கோலத்திலும் அதே கேள்வி. என் வாசலிலும்தான்.

“இங்க யாரு போட்டது?” என்று கத்தினேன்.

“நான்தாங்க. அசிங்கமா இருக்கு, வெளிய தலைகாட்ட முடியல” என்றாள் என் மனைவி.

மதியத்துக்குள் மோட்டார் ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வசந்தா அக்கா செயலாளரானார். அவருக்காக முதலில் உயர்ந்தது என் மனைவியின் கை.

இன்றும் சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் வாயைத் திறந்தால் போதும். மகள் கோலப்பொடி டப்பாவை என் தட்டருகே வைத்துவிட்டு, “எழுதிக் குடுங்கப்பா, பரிசீலிக்கிறோம்” என்கிறாள்.